மாணவர் சேம்பர் கச்சேரி: 14 பேர், 10 வாரம், நாடக அரங்கம். எப்படிப் பிரிப்பது, எங்கே உட்கார வைப்பது?

#1 | தந்திமேடை

நடனம், நாடகம், இசை மூன்றும் உள்ள பள்ளி. 10 வாரம் கழித்து மேற்கத்திய சேம்பர் இசைக்கென்று (நடத்துநர் இல்லாமல் சிறு குழுவாக வாசிப்பது) ஒரு மாலை ஒதுக்கியாகிவிட்டது. கையில் இருப்பவர்கள்: வயலின் 5, வயோலா 2, செல்லோ 2, புல்லாங்குழல் 1, கிளாரினெட் 1, பியானோ 3. வயலினில் இருவரும் பியானோவில் ஒருவரும் நன்றாகத் தேறியவர்கள். இரண்டாவது செல்லோவும் இரண்டாவது வயோலாவும் மூன்றாம் பொசிஷனை (தந்தியில் இடது கை நிற்கும் இடம்) தாண்டினால் தடுமாறுவார்கள். மற்றவர்கள் நடுத்தரம்.

அரங்கம் நாடகத்துக்குக் கட்டியது. 300 இருக்கை, மேடையின் மூன்று பக்கமும் கறுப்புத் திரை, தலைக்கு மேலே திரையேற்றும் கோபுரம். கிராண்ட் பியானோ ஒன்று உண்டு.

14 பேரையும் சேர்த்து ஒரு குட்டி ஆர்க்கெஸ்ட்ராவாக உட்கார வைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. குழு பிரிப்பது, உருப்படி தேர்வு, அரங்கம், பியானோ மூடி, எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

#2 | நாலு தந்தி

ஆர்க்கெஸ்ட்ரா யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். முன்னால் ஒருவர் குச்சி பிடித்தால் மாணவர் கண் அங்கே போய்விடும், காது மூடிக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரே ஆள், தலைமேல் யாரும் இல்லை. சேம்பர் இசை கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

உருப்படியைத் தேடுவதற்கு முன்னால் வயோலாவையும் செல்லோவையும் எண்ணுங்கள். உங்களிடம் தலா இரண்டு. அதனால் ஒரு செல்லோ அதிகபட்சம் இரண்டு குழுவில் வரலாம். மூன்றாவது குழு வந்தாலே ஒத்திகை நேரம் ஒன்றோடொன்று மோதும், மூன்றுமே அரைகுறையாகும். இந்தக் கணக்குக்குள் என் பிரிவு:

1. மோட்சார்ட், புல்லாங்குழல் குவார்டெட் (நால்வர் உருப்படி) டி மேஜர், கே. 285 (கே., ஓபஸ் என்பவை படைப்பு எண்கள்): இரண்டாம், மூன்றாம் மூவ்மென்ட் (அங்கம்). புல்லாங்குழல், நடுத்தர வயலின், இரண்டாவது வயோலா, இரண்டாவது செல்லோ. சுமார் 7 நிமிடம்.

2. ஹைடன், ஓபஸ் 76 எண் 3, இரண்டாம் மூவ்மென்ட். தேறிய வயலின் ஒருவர், நடுத்தர வயலின் ஒருவர், முதல் வயோலா, முதல் செல்லோ. 7 நிமிடம்.

3. ஷோஸ்டகோவிச்சின் மெட்டுகளை அதோவ்மியான் தொகுத்த, இரண்டு வயலினுக்கும் பியானோவுக்குமான ஐந்து துண்டுகள். செல்லோவே வேண்டாம். மொத்தம் 10 நிமிடத்தைச் சுற்றி.

4. பீத்தோவன், ஓபஸ் 11 ட்ரியோ (மூவர் உருப்படி), கடைசி மூவ்மென்ட். கிளாரினெட், முதல் செல்லோ, தேறிய பியானோ. 7 நிமிடம்.

5. ஹைடன், ஜி மேஜர் பியானோ ட்ரியோ, 'ஜிப்ஸி' ரோண்டோ (தொடக்க மெட்டு திரும்பத் திரும்ப வரும் கடைசி மூவ்மென்ட்) மட்டும். தேறிய இன்னொரு வயலின், இரண்டாவது செல்லோ, மூன்றாவது பியானோ. 3 நிமிடத்துக்குச் சற்று மேல்.

மோட்சார்ட்டில் வாசிக்கும் வயலின் மூன்றாவதிலும் வரவேண்டும். வேறு யாரும் சிக்கவில்லை. மேடையில் இதே வரிசை வைத்தால் யாரும் அடுத்தடுத்து இரண்டு உருப்படி வாசிக்க வேண்டியதில்லை.

ஐந்தாவதை இரண்டாவது செல்லோவுக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹைடனின் பியானோ ட்ரியோக்களில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கையையே இரட்டிப்பாகப் பிடிக்கும். பொசிஷன் சிக்கல் குறைவு, தாளப் பொறுப்பு மட்டும்.

#3 | கருப்புவெள்ளை

பிரிவு சரி. ஐந்தாவதில் ரோண்டோவை மட்டும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக எடுத்தால் அது வேகப்பந்தயம் ஆகிவிடும். முன்னால் வரும் இரண்டு மூவ்மென்ட்டும் நிதானமானவை, விரலுக்குப் பெரிய சோதனை கிடையாது. முழு ட்ரியோவும் 15 நிமிடம்தான். ஒரு மாலை முழுக்கத் துண்டு துண்டாகவே போகாமல் ஒன்றாவது முழுசாக இருக்கட்டும்.

ரோண்டோவின் வேகத்தை ஆரம்ப மெட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. பியானோவின் மிக நெருக்கமான பதினாறாம் நோட் பத்தி எது என்று பார்த்து, அது தெளிவாக வரும் வேகத்தை மெட்ரோனோமில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மேடைப் படபடப்பில் வேகம் எப்படியும் கொஞ்சம் ஏறும். அதற்கும் இடம் விட்டுக் குறித்தால் நல்லது.

மூடி விஷயம். 'பியானோ மூழ்கடிக்குது, மூடியைப் பாதி தாழ்த்து' என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. மூடியைத் தாங்கும் கம்பைப் பாதி உயரத்தில் வைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது, தெளிவுதான் போகும். மேல் ஸ்தாயி மங்கி, கீழ் ஸ்தாயியின் கொழகொழப்பு அப்படியே நிற்கும். செல்லோவை மறைப்பது அந்தக் கொழகொழப்புத்தான். முழுக் கம்பில் திறந்து வைத்துவிட்டு இடது கையை லேசாக்குங்கள், பெடலைப் பாதியாகக் குறையுங்கள். 1795இல் ஹைடன் இதை எழுதிய காலத்துப் பியானோவின் பாஸ் (கீழ் ஸ்தாயி) மெலிந்தது. அதை நிமிர்த்தத்தான் செல்லோ இரட்டித்தது. இன்றைய கிராண்டில் நிலைமை தலைகீழ்.

#4 | மேடைப்பின்னால்

மூடியைப் பற்றி ஒரு திருத்தம். அரங்கம் சின்னதாக, தரை கல்லாக இருந்தால் முழுக் கம்பு தாங்காது. அங்கே மூடியைத் தொடுவதற்கு முன்னால் பியானோவுக்கு அடியில் ஒரு கனமான கம்பளத்தை விரித்துப் பாருங்கள். அடிப்பலகையிலிருந்து தரைக்குப் போய்த் திரும்பும் சத்தம் அதில் அடங்கும். 300 இருக்கை நாடக அரங்கத்துக்கு முழுக் கம்பே சரி.

நேரக் கணக்கு: ட்ரியோவை முழுசாக வைத்தால் இசை 46 நிமிடம். மாற்றம் நான்கு. முதல் மாற்றத்தில் நாற்காலியை நகர்த்தவே வேண்டியதில்லை, இரண்டும் நால்வர், ஒரு நிமிடம் போதும். பியானோவை முன்னால் கொண்டுவரும் மாற்றத்துக்கு 4 நிமிடம். மற்ற இரண்டுக்கும் 2 நிமிடம். ஆக ஒரு மணி நேரத்துக்குள் இடைவேளை இல்லாமல் முடியும். அறிமுகப் பேச்சை அந்த 4 நிமிடத்தில் திரைக்கு முன்னால் வையுங்கள். தொடக்கத்தில் பேசினால் புல்லாங்குழல்காரர் ஊதிச் சூடேற்றியதெல்லாம் ஆறிப்போகும்.

நாற்காலி: கைப்பிடி இல்லாதது, இருக்கை சமமானது, பின்பக்கம் சரியாதது. உயரம் 45 செ.மீ. சுற்றி. பள்ளிகளில் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்திருக்கும். செல்லோக்காரர் அதில் உட்கார்ந்தால் இடுப்பு வழுக்கி முதுகு வளையும். இசைத்தாள் ஸ்டாண்டைத் தாழ்த்தி, மேல்விளிம்புக்கு மேலே மற்ற மூவரின் கண்ணும் வில்லும் தெரிகிற அளவுக்கு வையுங்கள். ஸ்டாண்டு முகத்தை மறைத்தால் சத்தமும் மறையும்.

#5 | ஒலிச்சுவர்

நாடக அரங்கம்தான் இங்கே பெரிய வில்லன். பேச்சு புரியவேண்டும் என்று எதிரொலியை அடக்கிக் கட்டுவார்கள். ஒலி தேயும் நேரம் ஒரு வினாடியோ அதற்கும் குறைவோ இருக்கும். சேம்பர் இசைக்கு ஒன்றரை வினாடி பக்கம் இருந்தால் சுகம். 1901இல் பெக்ஸ்டைன் ஹால் என்று திறந்த லண்டன் விக்மோர் ஹாலில் இருக்கை 550 சொச்சம்தான். மேடைக்குப் பின்னால் வளைந்த சுவர், திரை கிடையாது, கோபுரம் கிடையாது. வாசிக்கும் சத்தம் நேராக ஆட்களிடம் வருகிறது.

உங்கள் மேடையில் குழுவை நடுவில் உட்கார வைத்தால் பாதிச் சத்தம் கோபுரத்துக்குள் ஏறிவிடும், மீதியைத் திரை குடித்துவிடும். மாணவருக்குத் தன் சத்தமே கேட்காது. உடனே வில்லை அழுத்துவார்கள், ஸ்ருதி போகும், கரகரக்கும். 'பயத்துல அழுத்துறாங்க' என்று பயிற்றுநர் நினைப்பார். காரணம் அறை.

செய்ய வேண்டியது: குழுவை மேடையின் முன்விளிம்புக்கு, முன்திரைக் கோட்டுக்கும் வெளியே கொண்டுவாருங்கள். பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி மரப்பலகைத் தடுப்புகள். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரத்தில் ஆறு இருந்தால் நால்வருக்குத் தாராளம். ஓரத்துப் பலகைகளை லேசாக வெளிப்பக்கம் விரித்து வையுங்கள். பலகை 12 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மெல்லிய பலகை தானே அதிர்ந்து செல்லோவின் கீழ் ஸ்தாயியை விழுங்கிவிடும். அடியில் மணல் மூட்டை கட்டாயம். நாடகப் பிரிவில் காட்சிச் சுவராக வைத்திருக்கும் பலகைகளே போதும், ஆனால் துணி ஒட்டியது உதவாது.

#6 | தந்திமேடை

நடனக் கூடம் ஒன்று இருக்கிறது. மரத்தரை, உயரமான கூரை, 70 பேர் உட்காரலாம். அரங்கத்தை விட்டுவிட்டு அங்கே வைத்தால்?

#7 | ஒலிச்சுவர்

காதுக்கு அதுதான் நல்லது. ஆனால் நீளச்சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்குமே. எதிர்ச்சுவரும் வெறுமையாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் சத்தம் படபடவென்று அடிக்கும். நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள், ரப்பர் இழுபட்டது போல ஒரு 'ட்ர்ர்' கேட்கும். கண்ணாடிக்குத் திரை இருந்தால் இழுத்து மூடினால் போதும்.

#8 | மேடைப்பின்னால்

நடன ஆசிரியரிடம் கேட்காமல் அங்கே செல்லோவைக் கொண்டுபோகாதீர்கள். நடனத்துக்கான வினைல் விரிப்பில் செல்லோவின் அடியில் நீட்டி நிற்கும் முள் ஒரு தடவை இறங்கினால் ஓட்டை. அந்த ஓட்டையில் வெறுங்கால் மாட்டினால் காயம். ரப்பர் குமிழ் நம்பத்தக்கதல்ல, வழுக்கும். 60 செ.மீ. நீளப் பலகையில் குழி போட்டு, அதிலிருந்து ஒரு பட்டையை நாற்காலியின் முன்காலில் மாட்டுங்கள். பலகை நகராது, முள்ளும் தரையைத் தொடாது.

கிராண்ட் பியானோவை அந்தத் தரைக்கு ஏற்றுவதும் யோசிக்க வேண்டியது. நடனத்தரை உள்ளே துள்ளலாகக் கட்டியது. மூன்று சக்கரத்தில் மொத்த எடையும் இறங்கினால் பள்ளம் விழும். பியானோ இல்லாத முதல் இரண்டு உருப்படிக்கு மட்டும் கூடம், மற்றதற்கு அரங்கம் என்று ஆட்களை நடக்க வைப்பதும் சரிவராது. பலகைத் தடுப்போடு அரங்கத்திலேயே வையுங்கள். கூடத்தை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

#9 | ஊதுகோல்

ஸ்ருதி பற்றி யாரும் பேசவில்லையே. ஊதும் கருவிக்கு அறைச்சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஸ்ருதி ஏறும். தந்திக்கருவி சூட்டில் இறங்கும். மேடை விளக்கு எரிந்து 5 டிகிரி கூடினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். அதனால் விளக்கையும் ஏசியையும் ஒரு மணி நேரம் முன்பே கச்சேரி நிலையில் போட்டுவிடுங்கள். பியானோ ட்யூனரும் அதே சூட்டில்தான் வேலை செய்யவேண்டும். காலையில் ஏசி இல்லாமல் ட்யூன் செய்துவிட்டு மாலையில் குளிரூட்டினால் அந்த வேலை வீண். கச்சேரியின் போது ஏசி இரைச்சல் தாங்காது என்றால் விசிறி வேகத்தைக் குறையுங்கள், அணைக்காதீர்கள்.

பீத்தோவன் ட்ரியோவில் ஒரு பொறி இருக்கிறது. கடைசி மூவ்மென்ட் ஒரு மெட்டும் அதன் வேரியேஷன்களும் (மாற்று வடிவங்கள்). முதல் வேரியேஷன் பியானோ தனி. இரண்டாவது கிளாரினெட்டும் செல்லோவும் மட்டும். மேடைக்கு வந்தபோது ஆறிப்போயிருந்த கிளாரினெட் மெட்டு முடிந்து ஒரு வேரியேஷன் சும்மா இருந்துவிட்டு, பிறகு பியானோ இல்லாமல் வாசிக்கும். செல்லோ அதன் ஸ்ருதிக்கு வளைந்து கொடுக்கும். இருவரும் சுகமாகத்தான் போவார்கள். மூன்றாவதில் பியானோ நுழையும்போதுதான் எங்கே வந்து நிற்கிறார்கள் என்பது அம்பலமாகும்! ஒத்திகையில் இரண்டாவது வேரியேஷன் முடிந்ததும் நிறுத்தி, பியானோவில் பி ஃப்ளாட் தட்டிப் பார்க்கும் பழக்கம் வையுங்கள். பியானோ தனியாக வாசிக்கும்போது கிளாரினெட்டுக்குள் சத்தமில்லாமல் வெறும் காற்றை ஊதிச் சூட்டைக் காப்பாற்றலாம்.

இன்னொரு வசதி: இந்த ட்ரியோவைக் கிளாரினெட்டுக்குப் பதில் வயலினிலும் வாசிக்கும்படி பீத்தோவன் காலத்திலேயே வெளியிட்டிருக்கிறார்கள். கிளாரினெட் மாணவர் காய்ச்சலில் படுத்தால் உருப்படி கைவிட்டுப் போகாது. தேறிய வயலின் ஒருவரிடம் அந்தப் பகுதியை முதல் வாரமே கொடுத்து வையுங்கள்.

#10 | நாலு தந்தி

தந்திக்காரர்களுக்கும் ஸ்ருதிக் கணக்கு உண்டு. செல்லோவில் ஏ, டி, ஜி, சி என்று சுத்தமான ஐந்தாம் (ச-ப) இடைவெளியில் கீழே இறங்கினால் பியானோவின் சியை விட 6 சென்ட் கீழே நிற்கும். அதனால் பியானோவோடு வாசிக்கும் உருப்படிக்கு ஏ மட்டும் வாங்கினால் போதாது, சியையும் பியானோவில் ஒத்துப் பார்க்கவேண்டும்.

பியானோ இல்லாத குவார்டெட்டில் வேறு சிக்கல். செல்லோவின் சியிலிருந்து வயலினின் ஈ வரை எல்லா ஐந்தாமும் சுத்தமாக இருந்தால், அந்த சியும் ஈயும் சேர்ந்து வரும் மேஜர் மூன்றாம் (ச-அந்தர க) இடைவெளி சுத்தமான மூன்றாமை விட சுமார் 22 சென்ட் அகலம். காது கூசும். வயோலாவும் செல்லோவும் ஜி, சி தந்திகளை ஒரு மயிரிழை மேலே வைத்தால் வலி குறையும். ஸ்ருதிப்பெட்டியின் பச்சை விளக்கை நம்பி நான்கு பேரும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு மேடைக்குப் போகிற வழக்கத்தை நிறுத்துங்கள்.

இனி ஹைடன் ஓபஸ் 76. மெட்டு ஒன்று, வேரியேஷன் நான்கு. மெட்டை ஒவ்வொரு தடவையும் ஒருவர் வைத்திருப்பார்: முதலில் இரண்டாம் வயலின், பிறகு செல்லோ, பிறகு வயோலா, கடைசியில் முதல் வயலின். மெட்டு மாறுவதே இல்லை, சுற்றி இருப்பதுதான் மாறுகிறது. மாணவர் குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் எழுதியதில்லை என்பது என் கட்சி.

கெடும் இடங்கள் மூன்று. ஒன்று, மெட்டு இன்றைய ஜெர்மன் தேசிய கீதத்தின் மெட்டு என்பதால் மரியாதையாக வாசிக்கிறேன் என்று இழுப்பார்கள். ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு எண்ணாமல் இரண்டு எண்ணச் சொல்லுங்கள். இரண்டு, முதல் வேரியேஷனில் வயோலாவும் செல்லோவும் ஓய்வு, இரண்டு வயலின் மட்டும். முதல் வயலின் பதினாறாம் நோட்டுகளை அழகுபடுத்திக்கொண்டு போனால் மெட்டு நொண்டும். அங்கே வழி நடத்துவது இரண்டாம் வயலின், அதை முதல் வயலினிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மூன்று, கடைசி வேரியேஷனில் நால்வரும் நெருக்கமாக அடுக்கி வாசிப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை அதை விப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிர வைப்பது) இல்லாமல், பாதி வேகத்தில், முதலில் செல்லோவும் இரண்டாம் வயலினும், பிறகு வயோலா, கடைசியில் முதல் வயலின் என்று ஒவ்வொருவராக ஏற்றி வாசியுங்கள். எந்த நோட் பிசகுகிறது என்பது தானே தெரியும்.

வயோலா எந்தப் பக்கம்? வெளிப்பக்கம் உட்கார்ந்தால் கருவியின் துளைகள் பார்வையாளருக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். மூன்றாவது வேரியேஷனில் வயோலாதான் ராஜா. அதனால் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்ற வரிசை. செல்லோ வெளிப்பக்கம், சற்று உள்ளே திரும்பி.

#11 | ஊதுகோல்

மோட்சார்ட் மெதுவான மூவ்மென்ட்டில் தந்திகள் முழுக்க விரலால் மீட்டும். வில் அசைவு இல்லாததால் எப்போது தொடுவது என்று பார்க்க ஒன்றும் கிடையாது. புல்லாங்குழல் மூச்சிழுப்பதையே எல்லாரும் பார்க்கவேண்டும். அந்த மூச்சும் தாளத்தில் ஒரு பீட் நீளம் இருக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மூன்று பேரும் மூன்று இடத்தில் மீட்டுவார்கள்.

அடுத்த மூவ்மென்ட் நிறுத்தாமல் தொடரும். மீட்டும்போதே வில்லைக் கைக்குள் ஒடுக்கிப் பிடித்திருக்கவேண்டும், ஸ்டாண்டில் வைத்தால் எடுக்க நேரம் இருக்காது. நிகழ்ச்சித் தாளிலும் இரண்டும் தொடர்ச்சி என்று போட்டுவிடுங்கள், நடுவில் கைதட்டு விழாது.

#12 | தந்திமேடை

ஒத்திகை அட்டவணை? வாரம் ஒரு மணி நேரம்தான் பயிற்றுநர் கிடைப்பார்.

#13 | நாலு தந்தி

பயிற்றுநரோடு ஒரு மணி என்றால் அவர் இல்லாமல் இரண்டு மணி. முதல் வாரத்துக்கு முன்பே ஒரே பதிப்பின் பகுதிகளை எல்லாருக்கும் கொடுங்கள். பதிப்பு மாறினால் ஒத்திகை எழுத்துகளும் வில் குறிகளும் பொருந்தாது, பாதி நேரம் 'எந்த இடம்?' என்பதிலேயே போகும். பார் எண் இல்லாத தாளில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். ஷோஸ்டகோவிச் காப்புரிமை உள்ளது, பகுதிகளை விலைக்கு வாங்குவதே முறை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் முழு ஸ்கோரோடு வரட்டும்.

இரண்டாம் வாரக் கடைசியில் மெதுவாகவாவது முதலிலிருந்து கடைசிவரை போய்விடவேண்டும். நாலாவது வாரம் குழுக்கள் ஒன்றுக்கொன்று வாசித்துக் காட்டட்டும். ஏழாவது வாரத்திலிருந்து அரங்கம். ஒன்பதாவது வாரம் நாற்காலி மாற்றத்தோடு முழு ஓட்டம். பத்தாவது வாரம் புதிதாக எதையும் மாற்றாதீர்கள், விரல் எண் உட்பட.

பயிற்றுநர் தாளம் தட்டக்கூடாது. இது கடினம், கை தானாகப் போகும். தட்டிக் கொடுத்த குழு ஏழாவது வாரம் அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்ததும் கலைந்துவிடும். ஒவ்வொரு உருப்படியிலும் மூன்று நான்கு மீட்பு இடங்களைக் குறித்து வையுங்கள். வழி தவறினால் அடுத்த மீட்பு இடத்தில் எல்லாரும் சேரவேண்டும், அதைச் சொல்பவர் செல்லோ அல்லது பியானோ. வேண்டுமென்றே ஒருவரை நிறுத்தவைத்துப் பழக்குங்கள்.

#14 | கருப்புவெள்ளை

மூன்று உருப்படியில் பியானோ, எனவே பக்கம் திருப்புபவர் வேண்டும். பியானோக்காரரின் இடதுபக்கம், அரையடி பின்னால் உட்காரவேண்டும். எழுந்து நின்று, இடது கையால் மேல் மூலையைப் பிடித்துத் திருப்பவேண்டும். கீழ் மூலையைப் பிடித்தால் கை கண்ணை மறைக்கும். ரிபீட் எது உண்டு, எது இல்லை என்று அவருடைய தாளிலும் எழுதுங்கள். பின்னோக்கித் திருப்ப வேண்டிய இடம்தான் வழக்கமாகச் சொதப்பும். டேப்லெட் என்றால் அறிவிப்புகளை அணைத்து, திரை தானாக அணைவதை நிறுத்தி, பெடலுக்குப் புது பேட்டரி போட்டு, முழு ஓட்டத்திலும் அதே கருவியில் வாசிக்கவேண்டும்.

#15 | மேடைப்பின்னால்

மேடை மாற்றத்துக்கு இரண்டு ஆள், வேறு வேலை கொடுக்காதீர்கள். நாற்காலி, ஸ்டாண்டு, செல்லோப் பலகை இடங்களுக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நிறத்தில் தரையில் ஒட்டுப்பட்டை. பியானோச் சக்கரத்துக்கும் குறி. நகர்த்தியதும் பூட்டு. ஓரத்தில் ஒரு மேசையில் வயலின் ஈ, ஏ தந்திகள், செல்லோ ஏ தந்தி, பென்சில், துணிக்கிளிப். தந்தி அறுந்தால் அங்கேயே உட்கார்ந்து மாட்டாமல் குழு முழுக்க உள்ளே போய் வரட்டும், அந்த மூவ்மென்ட்டின் தொடக்கத்திலிருந்து வாசிக்கலாம்.

கிளாரினெட்டுக்கு மூன்றாவது உருப்படி தொடங்கும்போதே ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். மேடைக்கு வரும்முன் ஐந்து நிமிடம் ஊதியிருக்கவேண்டும். ஆனால் ஓரத்திரைக்குப் பின்னால் ஊதினால் ஷோஸ்டகோவிச்சுக்குள் கேட்கும். கதவடைத்த அறை பார்த்து வைத்தாயிற்றா?

#16 | தந்திமேடை

ஒப்பனை அறை ஒன்று இரண்டு கதவு தள்ளி இருக்கிறது, அங்கே வைக்கிறேன். பலகை ஆறும் நாடகப் பிரிவில் கிடைக்கும், 18 மி.மீ. ட்ரியோ முழுசாக. கிளாரினெட் பகுதியின் வயலின் தாள் நாளைக்கே ஒருவருக்குப் போகிறது. நடனக் கூடத்தை வாரம் இரண்டு மாலை ஒத்திகைக்குக் கேட்டிருக்கிறேன், செல்லோப் பலகை இரண்டு செய்யச் சொல்லியாகிவிட்டது.

#17 | ஒலிச்சுவர்

18 மி.மீ. பலகை ஒன்றே 30 கிலோ வரும். நிறுத்தி வைக்கப் பின்னால் முக்கோணத் தாங்கி வேண்டும், மணல் மூட்டை மட்டும் போதாது. ஏழாவது வாரம் முதல் தடவை நிறுத்தும்போது பின்வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, பலகையை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுவிட்டு அப்புறம் பட்டை ஒட்டுங்கள்.